தொழில்முறை ஹொக்கிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு, ஒரு டிபென்ஸ்காரனின் அம்மா எழுதுவது

என் மகன் 2018 இலிருந்து 2024 வரை சம்பளத்துக்கு ஐஸ் ஹொக்கி ஆடினான். டிபென்ஸ், அதாவது கோலுக்கு முன் நின்று காக்கும் பின்வரிசை, வலக்கை ஆட்டக்காரன். பெரிய பெயர் ஒன்றும் இல்லை. வட அமெரிக்காவின் ஆக உயர்ந்த லீக்கான என்.எச்.எல். அரங்கில் அவன் ஒரு நாளும் ஆடியதில்லை. அதற்குக் கீழே ஏ.எச்.எல்., அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல்., பிறகு ஐரோப்பா. தொலைக்காட்சியில் வராத இந்த ஹொக்கியில்தான் பெரும்பாலான தொழில்முறை ஆட்டக்காரர்களின் சீவியம் போகிறது. இப்போது கனடாவில், ரொறன்ரோ வட்டாரத்தின் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்து அரங்குகளில் நம்மவர்களின் பிள்ளைகளை நிறையக் காண்கிறேன். நாங்கள் தொடங்கிய காலத்தில் கேட்டு அறிய ஒருவரும் இருக்கவில்லை. மருத்துவத்துக்குப் போக என்ன பாடம் எடுக்க வேண்டும் என்று சொல்ல எங்கள் சொந்தத்துக்குள்ளேயே பத்துப் பேர் இருந்தார்கள். ஒன்ராறியோவின் இளையோர் லீக்கான ஓ.எச்.எல். இன் ஒப்பந்தத்தில் கல்விக்காசு பற்றிய பந்தியை எப்படி வாசிக்க வேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை. கணவர் நெடுந்தூர லொறி ஓட்டுபவர், வாரக்கணக்கில் வீட்டில் இருக்க மாட்டார். ஆகவே வாகனம் ஓடியதும் தாள்களைப் படித்ததும் முகவரோடு வாதாடியதும் நான்தான்.

சிறுவயதுச் செலவைப் பற்றி எல்லாரும் கதைப்பார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ரொறன்ரோச் சிறுவர் லீக்கான ஜி.ரி.எச்.எல். இல் ஆக உயர்ந்த ‘ட்ரிபிள் ஏ’ மட்டத்துக்கு வந்த பிறகு, அணிக் கட்டணம், போட்டிப் பயணம், தனிப் பயிற்சி, கோடைக்கால முகாம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆண்டுக்குப் பதினையாயிரம் டொலருக்குக் குறையாமல் போனது. வளரும் பிள்ளைக்கு ஸ்கேற் ஒரு பருவம்தான் தாங்கும். நல்ல ஸ்ரிக் ஒன்று முந்நூறு டொலருக்கு மேல், டிபென்ஸ்காரன் அதால் ‘பக்’ என்ற ரப்பர் வட்டை மறித்து மறித்தே உடைப்பான். இதில் நான் சொல்லக்கூடிய ஒன்று: பதினான்கு வயதுக்கு முன் வசந்தகாலச் சிறப்பு அணி, அமெரிக்கப் போட்டி என்று அள்ளிக் கொட்டிய காசில் அவனுடைய ஆட்டம் கூடியதாக எனக்குத் தெரியவில்லை. ஸ்கேற்றிங் பயிற்சிக்குக் கொடுத்தது மட்டும் வீண்போகவில்லை. டிபென்ஸ்காரனுக்குப் பின்னோக்கிச் சறுக்குவதும், பின்னுக்குப் போய்க்கொண்டே உடம்பைத் திருப்பி முன்னோக்கி வெளிக்கிடுவதும் சரியாக வராவிட்டால் மற்றது எதுவும் உதவாது.

பார்வையாளர் பகுதியில் இருக்கும் நாங்கள் கோலைத்தான் பார்ப்போம். தேர்வாளர்கள் பார்ப்பது வேறு. எதிரணி பக்கை உங்கள் மூலைக்குள் எறிகிறது. டிபென்ஸ்காரன் திரும்பி அதை எடுக்க ஓடுகிறான், முகம் பலகைப் பக்கம், முதுகு மைதானத்துக்கு. பின்னாலே ஒருவன் முழு வேகத்தில் இவனை இடிக்க வருகிறான். பக்கைத் தொடுவதற்கு முன் இவன் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தானா, எத்தனை முறை பார்த்தான், எந்தப் பக்கம் ஏமாற்றினான், சோடிக்காரன் கத்தும் குரலைக் கேட்டு மறுபக்கம் தள்ளினானா, இடியை வாங்கிக்கொண்டும் முதல் பாஸைச் சரியாகக் கொடுத்தானா, இவ்வளவும் இரண்டு செக்கனுக்குள் முடிந்துவிடும். அவனுடைய மதிப்பு அங்கேதான் எழுதப்படுகிறது. ஒரு தேர்வாளர் எனக்குப் பக்கத்தில் நின்று ஆட்டம் முழுக்க அந்த இரண்டு செக்கன்களை மட்டுமே குறித்துக்கொண்டிருந்ததைக் கண்ட பிறகுதான் எனக்கு இந்த விளையாட்டு விளங்கத் தொடங்கியது. வலக்கை ஆட்டக்காரனாக இருப்பதும் ஒரு அதிர்ஷ்டம். பயிற்றுநர்கள் இடக்கை ஒருவர், வலக்கை ஒருவர் என்று சோடி சேர்க்க விரும்புவார்கள், ஆனால் வலக்கை டிபென்ஸ்காரர் குறைவு. என் மகனுக்குக் கிடைத்த அழைப்புகளில் பாதி அதனால் வந்தவை என்றே நினைக்கிறேன்.

2013 வசந்தத்தில் ஓ.எச்.எல். தெரிவில், அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாகப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், பிந்திய சுற்று ஒன்றில் அவன் பெயர் வந்தது. வீட்டில் பாயசம் வைக்காத குறை. உண்மையில் பிந்திய சுற்றில் வருவது ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு தொப்பி, முகாமுக்கு வா என்ற ஒரு கடிதம், அவ்வளவுதான். அந்தக் காலத்து விதிப்படி ஓ.எச்.எல். இல் ஆடிவிட்டால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கிக்கு, அதாவது என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவுக்கு, வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். இளையோர் லீக்கில் கொடுக்கும் சின்ன மாதப்படியையும், என்.எச்.எல். ஒப்பந்தமுள்ள பிள்ளைகள் அங்கே சேர்ந்து ஆடுவதையும் காட்டி அதைத் தொழில்முறை லீக் என்று என்.சி.ஏ.ஏ. கணக்கிட்டு வந்தது. முகாமில் நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றாலே சிக்கல். பதினாறு வயதுப் பிள்ளை அந்த முடிவை எடுக்க வேண்டியிருந்தது. 2025 ஓகஸ்ட் 1 இலிருந்து அந்த விதி மாறிவிட்டது, இப்போது ஓ.எச்.எல். ஆடியவர்களும் போகலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் இருபது வயதில் ஓ.எச்.எல். முடித்து முற்றிய உடம்போடு வருபவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் பல இடங்களைக் கொடுக்கின்றன, பள்ளிக்கூடம் முடித்த கையோடு போக நினைக்கும் பிள்ளை காத்திருக்க வேண்டி வரும். ‘இப்ப எல்லாம் லேசு’ என்று யாராவது சொன்னால் இதைக் கேளுங்கள்.

ஒரு வருடம் வீட்டிலிருந்து ஆடிவிட்டு, பதினேழு வயதில் அவன் ஓ.எச்.எல். நகரம் ஒன்றுக்குப் போனான். அங்கே ‘பில்லற்’ குடும்பம் என்று ஒரு வீட்டில் தங்க வைப்பார்கள். எங்களுக்கு வாய்த்தவர்கள் தங்கமானவர்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் அவனுடைய வெறும் அறையைப் பார்த்து எனக்குத்தான் நித்திரை வரவில்லை. இனி முக்கியமான விசயம். ஓ.எச்.எல். இல் ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு ஆண்டுக் கல்விக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். நான்கு பருவம் ஆடினான், நான்கு ஆண்டுப் படிப்பு கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். அதே ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது: இளையோர் ஹொக்கி முடிந்து பதினெட்டு மாதத்துக்குள் படிக்கத் தொடங்காவிட்டால் அந்தக் காசு இல்லை. கையெழுத்து வைத்த அன்று அதை வாசித்தேன், விளக்கமும் கேட்டேன். ‘அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்றார்கள். பதினேழு வயதில் பதினெட்டு மாதம் என்பது எவ்வளவு தூரத்தில் தெரியும் என்று உங்களுக்கே விளங்கும்.

இங்கேதான் டிபென்ஸ்காரர்களுக்கு மட்டும் உரிய ஒரு இடைஞ்சல். அவர்கள் பிந்தித்தான் முற்றுவார்கள். கோல் அடிக்கும் பிள்ளையின் திறமை பதினெட்டிலேயே தெரியும். டிபென்ஸ்காரனின் நிதானமும் உடல்பலமும் இருபத்துமூன்று, இருபத்துநான்கில்தான் கூடி வரும். நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 1989 என்.எச்.எல். தெரிவில் 53 ஆவது, சிறந்த டிபென்ஸ்காரருக்கான நொரிஸ் கிண்ணத்தை ஏழு முறை வென்றார். ஸ்டெனோ சாரா 1996 இல் 56 ஆவது. ரொறன்ரோவில் பிறந்த மார்க் ஜியோர்டானோவை எந்த என்.எச்.எல். அணியும் தெரிவு செய்யவேயில்லை. ஓ.எச்.எல்., ஏ.எச்.எல்., இடையில் ஒரு பருவம் மொஸ்கோ என்று சுற்றி வந்து 2019 இல், முப்பத்தைந்து வயதில், நொரிஸ் வென்றார். இந்தக் கதைகளை முகவர்களும் பயிற்றுநர்களும் நன்றாகச் சொல்வார்கள், பொய்யும் இல்லை. ஆனால் உடம்பு இருபத்துநாலு வரை பொறு என்கிறது, கல்விக்காசோ இருபத்திரண்டுக்குள் வா என்கிறது. இரண்டையும் ஒருசேரப் பிடிக்க முடியாது. கனடியப் பல்கலைக்கழக ஹொக்கிக்குப் போய்ப் படித்துக்கொண்டே ஆடி, பிறகு தொழில்முறைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். டிபென்ஸ்காரனுக்கு அது பின்வாங்கல் அல்ல. அந்த வழியை எங்களிடம் யாரும் அழுத்திச் சொல்லவில்லை, தோற்றவர்கள் போகும் இடம் என்பது போலத்தான் கதைத்தார்கள்.

என்.எச்.எல். தெரிவின் ஏழு சுற்றிலும் அவன் பெயர் வரவில்லை. 2018 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் ஒரு ஈ.சி.எச்.எல். அணியில் சேர்ந்தான். என்.எச்.எல். இல் 2023-24 இல் ஆகக் குறைந்த ஆண்டுச் சம்பளமே 775,000 அமெரிக்க டொலர். என் மகனுக்கு வாரத்துக்கு ஐந்நூறுக்குச் சற்று மேல். வீடு அணி கொடுக்கும், பருவம் ஓடும் ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் சம்பளம், கோடையில் ஒரு சதமும் இல்லை. கோடையில்தான் பயிற்சிக்கும் ஐஸ் நேரத்துக்கும் காசு போகும். அவன் கட்டட வேலைக்குப் போனான், மிச்சத்தை நாங்கள் போட்டோம். ஆட்டக்காரர் சம்பளம் வாங்கும் தொழிலுக்குப் பெற்றோர் காசு போடுவது வினோதம்தான். முதல் மூன்று வருடமும் அப்படித்தான் நடந்தது.

2019 இறுதியில் ஒரு ஏ.எச்.எல். அணி தற்காலிக ஒப்பந்தம் ஒன்று கொடுத்தது. இருபத்தைந்து ஆட்டம் வரைக்குமானது, எந்த நேரமும் அனுப்பிவிடலாம். சம்பளம் பல மடங்கு. அதே நேரத்தில்தான் பதினெட்டு மாதமும் முடிகிறது. ஜனவரியில் படிக்கத் தொடங்கினால் கல்விக்காசு, ஏ.எச்.எல். போனால் அது போச்சு. “அம்மா, இதுக்காகத்தானே இவ்வளவு காலமும் ஆடினனான்” என்றான். நான் என்ன சொல்ல? போனான். சில ஆட்டங்கள் ஆடினான், திருப்பி ஈ.சி.எச்.எல். க்கு அனுப்பினார்கள். மார்ச்சில் கொரோனா வந்தது, ஈ.சி.எச்.எல். மிச்சப் பருவத்தை அப்படியே இரத்துச் செய்தது. சம்பளம் நின்றது, கல்விக்காசும் முடிந்திருந்தது. முப்பதாயிரம் டொலருக்கு மேல் பெறுமதி. அந்த வசந்தம் முழுக்க எனக்கு ஆத்திரம். யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உங்கள் பிள்ளை அந்த நிலைக்கு வந்தால், கால எல்லையை நீட்டித் தரும்படி அணியிடம் எழுத்தில் கேளுங்கள், அதுவும் இருபது வயதுப் பருவம் தொடங்குவதற்கு முன் கேளுங்கள். பிள்ளை அணிக்குத் தேவைப்படும் காலத்தில்தான் கேள்விக்குப் பதில் வரும். பகுதிநேரமாக ஒரு பாடம் எடுத்தால் அது ‘தொடங்கியதாக’ கணக்கில் வருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

காயத்தைப் பற்றி. அடிக்கும் பக்குக்கு முன்னால் விழுந்து மறிப்பது டிபென்ஸ்காரனின் வேலை. அப்படி மறித்ததில் பாத எலும்பு உடைந்தது, பின்னர் இடுப்பு மூட்டில் சத்திரசிகிச்சை. அமெரிக்காவில் வேலைக் காயமாக அந்தந்த மாநிலக் காப்பீடு செலவைப் பார்க்கும், ஆனால் கோப்பு திறந்திருக்க வேண்டும். உடைந்த பாதத்துக்கு உடனே கோப்பு திறந்தார்கள். இடுப்பு வலி மெல்ல மெல்ல வந்தது, அவன் இடம் பறிபோகும் என்ற பயத்தில் வாய் திறக்கவில்லை. பருவ முடிவில் செய்யும் உடற்பரிசோதனைத் தாளில் ‘குறை இல்லை’ என்று கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். பிறகு அது வேலையால் வந்தது என்று நிறுவ எங்களால் முடியவில்லை. அந்தத் தாளில் வலிக்கும் இடம் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள், ஸ்கான் படங்களின் பிரதியை அந்த ஊரை விட்டு வெளிக்கிடுவதற்கு முன் கையில் வாங்கச் சொல்லுங்கள். ஏ.எச்.எல்., ஈ.சி.எச்.எல். இரண்டிலும் ஆட்டக்காரர்களுக்கு பி.எச்.பி.ஏ. என்ற தொழிற்சங்கம் இருக்கிறது, சந்தா கட்டும் பிள்ளைகளில் பலர் அதற்கு ஒரு அழைப்பும் எடுப்பதில்லை. இன்னொன்று ஓஹிப், அதாவது ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்பீடு. பன்னிரண்டு மாதத்தில் 153 நாள் ஒன்ராறியோவில் இருக்க வேண்டும் என்பது விதி. ஐரோப்பாவுக்கு ஓகஸ்டில் போய் ஏப்ரலில் வந்தால் அது குறைந்துவிடும். வேலைக்காக நீண்டகாலம் வெளியே இருக்கிறோம் என்று முன்கூட்டியே விண்ணப்பித்தால் காப்பாற்றலாம்.

260 என்ற எண்ணைப் பற்றி எனக்கு ஒருவரும் முன்பே சொல்லவில்லை. ஏ.எச்.எல். பிள்ளைகளை வளர்க்கும் லீக். ஒரு ஆட்டத்தில் இறங்கும் பதினெட்டு சறுக்காட்டக்காரரில் பன்னிரண்டு பேர் 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர்களாகவும், இன்னொருவர் 320 க்கு மேல் ஆடாதவராகவும் இருக்க வேண்டும். ஈ.சி.எச்.எல். இல் 260 ஐத் தாண்டிய ‘வெற்றரன்’ ஒரு அணிக்கு நான்கு பேர்தான். ஈ.சி.எச்.எல். பருவத்துக்கு 72 ஆட்டம், ஆகவே காயமில்லாத பிள்ளை நான்காவது பருவத்திலேயே அந்த எல்லையை எட்டிவிடும். அனுபவம் கூடக்கூட இடம் குறையும் தொழில் இது. டிபென்ஸ்காரன் ஆட்டம் விளங்கி ஆடத் தொடங்கும் நேரமும் அந்த எல்லையும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். மகனின் ஆட்டக் கணக்கை நான் சமையலறைக் கலண்டரில் எழுதி வைத்தேன். அவன் சிரித்தான், ஆனால் அதை வைத்துத்தான் 2022 இல் ஐரோப்பாவுக்குப் போக முடிவு எடுத்தோம்.

ஐரோப்பாவில் வரி கழித்த சம்பளம், வீடு, ஒரு சின்னக் கார் என்று கொடுப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். பல அரங்குகள் அகலம் கூடியவை, முப்பது மீற்றர் வரை. இங்கே இருபத்தாறு. எதிரியை எவ்வளவு தூரத்தில் மறிக்க வேண்டும் என்ற கணக்கே மாறிவிடும், அது அவனுக்குப் பிடிபட இரண்டு மாதம் எடுத்தது. அங்கே வெளிநாட்டு ஆட்டக்காரன் என்பதால் அணி தோற்றால் முதல் பழி அவனுக்குத்தான். முதல் கழகம் நல்லது. இரண்டாவது கழகம் இரண்டு மாதச் சம்பளம் இழுத்தடித்து, வேறு ஒருவரைக் கொண்டுவந்து கிறிஸ்மசுக்கு முன் இவனை விட்டது. “அம்மா, என்னை விட்டிட்டினம். வீட்டைத் திங்கட்கிழமைக்குள்ளை குடுக்கட்டாம்” என்று தொலைபேசியில் சொன்னான். குரலில் அழுகை இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேறு நாட்டுக் கழகத்தில் ஆட, உலக ஐஸ் ஹொக்கிச் சம்மேளனமான ஐ.ஐ.எச்.எஃப். இன் மாற்று அட்டை வேண்டும், அதற்குப் பழைய கழகமும் இசைய வேண்டும். ‘சம்பளப் பாக்கி இல்லை என்று கையெழுத்து வை, அட்டையை விடுகிறோம்’ என்றார்கள். வைத்தான். ஆறாயிரம் யூரோ அளவில் போனது. ஒப்பந்தத்தில் விமானச் சீட்டு யார் பொறுப்பு, நீக்கினால் எத்தனை நாள் வீடு, தவணை தவறினால் என்ன என்று இருக்கிறதா பாருங்கள். அந்தக் கழகத்தில் முன்பு ஆடிய கனடியர் ஒருவரைத் தேடி, சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்று மட்டும் கேளுங்கள். எங்கள் முகவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

முகவர் என்றதும் ஒரு பழைய கதை. இந்த விளையாட்டின் தலைசிறந்த டிபென்ஸ்காரர் என்று பலர் சொல்லும் பொபி ஓர், ஒன்ராறியோவின் பரி சவுண்ட்காரர், 1976 இல் போஸ்டனை விட்டு சிக்காகோ போனார். போஸ்டன் அணி தனக்கு 18.5 சதவீதப் பங்கு தர முன்வந்ததைத் தன் முகவர் அலன் ஈகிள்சன் தனக்குச் சொல்லவில்லை என்றார் அவர். முழங்கால் போய் முப்பது வயதில் ஆட்டத்தை விட்டபோது கையில் காசும் இல்லை. ஈகிள்சன் 1998 இல் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கே அப்படி என்றால், நம் பிள்ளைக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் முகவர் நேரே பிள்ளைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இளையோர் காலத்தில் அவர்கள் தங்களைக் ‘குடும்ப ஆலோசகர்’ என்பார்கள். என்.எச்.எல். ஆட்டக்காரர் சங்கத்தின் சான்றிதழ் இருக்கிறதா, ஈ.சி.எச்.எல். மட்டத்தில் எத்தனை டிபென்ஸ்காரரை வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். பெரிய பெயர்களை மட்டும் சொன்னால் உங்கள் பிள்ளையின் அழைப்பை எடுக்கப்போவது அவருடைய உதவியாளர்தான். வரிக் கணக்குக்கு இரண்டு நாட்டு வேலை தெரிந்தவரைப் பிடியுங்கள். பல மாநிலங்களில் ஆடியதால் பல மாநிலங்களுக்கும் படிவம் போட வேண்டியிருந்தது, அதற்கே ஆண்டுக்கு எண்ணூறு டொலர் வரை போனது.

மகன் இப்போது மின்தொழில் பயிற்சியில் இருக்கிறான், படிப்புக்குச் சொந்தக் காசு. ஆடியதற்காக வருந்தவில்லை என்கிறான், நான் நம்புகிறேன். அந்தக் கலண்டர்த் தாள்கள், ஒப்பந்தப் பிரதிகள், மருத்துவக் கோப்புகள் எல்லாம் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். ஓ.எச்.எல். ஒப்பந்தம் கையில் வந்திருக்கிற பெற்றோர் கேட்டால் அதில் எந்தப் பந்தியைப் பார்க்க வேண்டும் என்று காட்டுவேன். கையெழுத்து வைப்பதற்கு முன் கேளுங்கள், வைத்த பிறகு என்னால் தேநீர்தான் தர முடியும்.